பெட்ஷீட் ஓரத்தில் இருபது கோடு

எங்கள் ஓட்டலில் எல்லோருக்கும் அவள் பெரியம்மாதான். அறை சுத்தம் செய்கிறவர்கள், சமையல்காரர், வாட்ச்மேன், ஏன், அவளைவிட இரண்டு வயது மூத்த தோட்டக்காரர்கூட அவளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார். எனக்கு மட்டும் அவள் நிஜப் பெரியம்மா, என் அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. அந்த உரிமையில்தான் அவளைப் பற்றி எழுதுகிறேன். அந்த உரிமை எனக்கு இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டால், சொல்லத் தெரியவில்லை.

ஏரியைப் பார்த்த மேட்டில், இருபத்துநான்கு அறை உள்ள ஓட்டல் அது. வருகிறவர்கள் பெரும்பாலும் தூர தேசத்துக்காரர்கள், வாரக்கணக்கில் தங்குவார்கள். காலையில் பால்கனியில் உட்கார்ந்து ஏரியைப் பார்ப்பார்கள். மாலையில் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே ஏரியைப் பார்ப்பார்கள். பின்பக்கம், ஜெனரேட்டர் அறைக்கும் மதிலுக்கும் நடுவே தகரக் கூரை போட்ட சலவைக்கூடம். துவைக்கிற மெஷின் இரண்டு, உலர்த்துகிற மெஷின் ஒன்று, நீள மேஜை ஒன்று, சுவர் முழுக்க மர அலமாரி. அங்கேதான் பெரியம்மா பத்தொன்பது வருஷம் நின்றாள். நின்றாள் என்றுதான் எழுத வேண்டும். அங்கே நாற்காலி கிடையாது.

அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். ரூம் ஆட்கள் அழுக்குத் துணியைக் கொண்டுவந்து போடும்போதே ஓர் அடி தள்ளித்தான் நிற்பார்கள். முகம் துடைக்கிற துண்டு ஷூ துடைத்த கறையோடு வந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

"இது யாரு வேலை?"

"கெஸ்ட் பண்ணது பெரியம்மா."

"கெஸ்ட் ஷூவுல நம்ம ஓட்டல் பாலிஷ் எப்படிடா வந்துச்சு? இன்னொரு தடவை வரட்டும், துவைக்காம அப்படியே மடிச்சு வெச்சு உன் கல்யாணத்துக்குப் பரிசாக் குடுக்கிறேன்."

திட்டு வாங்கியவனுக்கே சிரிப்பு வந்துவிடும். மதியம் அவள் தட்டிலிருந்து ஒரு கை அவனுக்குத்தான் போகும்.

கணவர் சுற்றுலா வேன் ஓட்டினவர். எட்டு வருஷம் முன்னால் நெஞ்சு வலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். ஓட்டலுக்குக் கீழே, மேட்டுச் சரிவில் இருக்கும் தெருவில் பெரியம்மாவுக்கு இரண்டு அறை வீடு. சலவைக்கூடத்துத் தண்ணீர் மதிலுக்கு அடியில் புகுந்து அந்தத் தெருச் சாக்கடையில்தான் போய் விழும். காலையில் தான் அலசிவிட்ட சோப்பு நுரையை மாலையில் தன் வீட்டு வாசலிலேயே தாண்டிக்கொண்டு போவாள். தெருக் குழாயில் இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும். மேலே ஓட்டலுக்கு அதே ஊர்த் தொட்டியிலிருந்து தினமும் லாரி லாரியாகத் தண்ணீர் ஏறும். இதை அவள் ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஊரில் எல்லாருக்கும் அப்படித்தானே என்பாள்.

அவளுக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. வருகைப் பதிவேட்டில் அவள் பெயரைப் பென்சிலால் எழுதியிருந்தார்கள்.

எங்கள் ஓட்டலில் அது ஒரு வழக்கம். பர்மனென்ட் ஆட்களின் பெயர் பேனாவில் இருக்கும். தினக்கூலி ஆட்களின் பெயர் பென்சிலில் இருக்கும், வேண்டாம் என்றால் அழித்துவிட்டு அதே வரியில் இன்னொருவரை எழுதிக்கொள்ளலாம். ஒவ்வொரு மாதமும் புதுப் பக்கம் திறக்கும்போது பத்தொன்பது வருஷமாக யாரோ ஒருவர் பென்சிலைச் சீவி அவள் பெயரை எழுதினார்கள். கடைசி ஆறு வருஷம் எழுதியது நான். "என் தங்கச்சி பொண்ணு, கம்ப்யூட்டர் எல்லாம் தெரியும்" என்று மேனேஜரிடம் கெஞ்சி ஆபீஸ் வேலைக்கு என்னைச் சேர்த்துவிட்டதே அவள்தான். என் பெயரும் பென்சிலில்தான் இருந்தது, ஆனால் எனக்கு வயது இருக்கிறது. அவளுக்கு ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டு முடிந்தவர்களுக்குப் பர்மனென்ட் ஆக்கும் வேலை உத்தரவு கொடுப்பதில்லை என்பது ஓட்டல் சட்டம்.

"செத்தப்புறம் பேனாவுல எழுதினா எனக்கென்ன, எழுதாட்டி எனக்கென்ன. இருக்கும்போது ஒரு மாசமாவது எழுதிப் பார்க்கணும்டி" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று யாராவது நினைத்தால் அவர்கள் முட்டாள்கள்.

இந்த நிலையில்தான் எங்கள் முதலாளிக்குப் பலகை ஆசை வந்தது.

அவர் ஏதோ சுற்றுலாக் கண்காட்சிக்குப் போய்வந்தார். அங்கே பெரிய பயண நிறுவனங்கள் எல்லாம், இயற்கையையும் வேலையாட்களையும் ஒழுங்காக நடத்துகிற ஓட்டல் என்று சான்றிதழ் வாங்கியவர்களுக்கு மட்டும்தான் ஆட்களை அனுப்புவோம் என்று சொல்லிவிட்டார்களாம். வாங்கினால் வாசலில் மாட்ட ஒரு பலகை தருவார்கள், அதில் ஒரு இலை படம் போட்டிருக்கும். வந்த மறுநாளே விதிப் புத்தகத்தை என் மேஜையில் போட்டு, "ஃபைல் ரெடி பண்ணும்மா" என்றார்.

தொண்ணூற்று நான்கு விதி. அத்தனையையும் படித்தேன். மனசாட்சியோடு சொல்கிறேன், நல்ல புத்தகம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யாருக்குப் போக வேண்டியது வருகிறது, அழுக்குத் தண்ணீர் யார் வாசலில் போய் நிற்கிறது, வேலை செய்கிறவருக்கு உட்கார இடம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருந்தது. எழுதியவர் யாரோ, ஒரு ஓட்டலின் பின்பக்கத்தைப் பார்த்தவர். முப்பத்தொன்றாவது விதி: ஒரு வருஷத்துக்கு மேல் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் எழுத்துப்பூர்வமான வேலை உத்தரவு இருக்க வேண்டும். முப்பத்துநான்காவது விதி: ஆய்வாளரிடம் உண்மை சொன்னதற்காக எந்தத் தொழிலாளிக்கும் எந்தப் பாதகமும் வரக் கூடாது.

முப்பத்தொன்றை அன்று மதியமே ஓடிப்போய்ப் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். துணி மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"ஒவ்வொருவருக்கும்னா போட்டிருக்கு?"

"ஆமா பெரியம்மா."

"சலவைக்கும் சேர்த்தா?"

"ஒவ்வொருவருக்கும்னா எல்லாருக்கும்தான்."

"திரும்பப் படி."

திரும்பப் படித்தேன். முப்பத்துநான்கைப் படிக்கவில்லை. அதற்கு அவசியம் வரும் என்று தோன்றவில்லை.

மேனேஜரும் எல்லாரையும் கூட்டி, பலகை வந்துவிட்டால் பன்னிரண்டு தினக்கூலி ஆட்களுக்கும் உத்தரவு உண்டு என்று சொன்னார். அதற்கப்புறம் முதலாளியைவிடப் பலகைமேல் பைத்தியமாக இருந்தது பெரியம்மாதான். குப்பையைப் பிரிக்காமல் போடுகிறவர்களைத் துரத்தித் துரத்தித் திட்டினாள். சோப்புத் தூளை அளந்து போட ஒரு டம்ளர் வைத்துக்கொண்டாள். காலி டின்களை அடுக்கி அவளே ஒரு திட்டு மாதிரி செய்து, ஆய்வுக்கு வருகிறவர் கேட்டால் இதுதான் உட்காருகிற இடம் என்று சொல்லிவிடலாம் என்றாள்.

நான் பொய்களைத் தயார் செய்தேன். அதுதான் என் வேலை. எல்லா அறையிலும் தலையணைமேல் ஒரு அட்டை வைத்தோம்: தண்ணீரைச் சேமிக்க விரும்பினால் இந்த அட்டையைப் படுக்கைமேல் வையுங்கள், இன்று பெட்ஷீட் மாற்ற மாட்டோம். விருந்தினர்களும் பாவம் வைக்கத்தான் செய்தார்கள். ஆனால் படுக்கை கசங்கிக் கிடந்தால் ரூம் ஆளுக்கு மேனேஜரிடம் திட்டு விழும். அதனால் ரூம் ஆட்கள் அட்டையையும் பெட்ஷீட்டையும் சேர்த்தே சுருட்டிக் கொண்டுபோனார்கள். இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான், மூன்று நாளைக்கு ஒருமுறை மட்டுமே மாற்றுகிறோம், சலவைத் தண்ணீர் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது என்று நான் டைப் அடித்தேன். கட்டம் போட்டு, பச்சை நிறத்தில் படமும் வரைந்தேன்.

ஆய்வாளர் தொழிலாளிகளில் சிலரைத் தனியாகப் பேட்டி எடுப்பார் என்று புத்தகத்தில் இருந்தது. விசுவாசமான ஆள் வேண்டும் என்று மேனேஜர் பெரியம்மாவைத் தேர்ந்தெடுத்தார். பதினொரு கேள்வி எழுதி, பதினொரு பதில் எழுதி, ஒரு வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

"வாரம் ஒரு நாள் லீவு உண்டா?"

"உண்டு சார்."

"கையுறை குடுக்கிறாங்களா?"

"குடுத்தாங்க சார், நேத்து."

"நேத்துன்னு சொல்லக் கூடாது பெரியம்மா."

"சரி, முந்தாநேத்து."

"நாளே சொல்லக் கூடாது. குடுக்கிறாங்கன்னு மட்டும் சொல்லணும். புகார்ப் பெட்டி எங்க இருக்கு?"

"எங்க இருக்கு?"

"கிச்சன் வாசல்ல. காலைலதான் மாட்டினாங்க."

"அதுவா? நான் டிப்ஸ் பெட்டின்னு நெனச்சேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். பெட்ஷீட்டைப் பற்றி அவளுக்கு நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்கள் சலவை செய்கிறவளிடம் லீவு பற்றிக் கேட்பார்கள், சம்பளம் பற்றிக் கேட்பார்கள். சலவையைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் என்று நானும் நினைத்தேன், மேனேஜரும் நினைத்தார். எங்கள் புத்தி அப்படி.

இங்கே பெரியம்மாவின் ஒரு பழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். புதுப் பெட்ஷீட் வந்தால், ஒரு மூலையில், மடித்துத் தைத்த ஓரத்தின் உட்பக்கம், அது வந்த தேதியை அழியாத மைப் பேனாவால் எழுதுவாள். பிறகு ஒவ்வொரு சலவைக்கும் ஒரு சின்னக் கோடு. நான்கு கோடு ஆனதும் ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பாள். நூற்றைம்பது ஆனால் அந்தத் துணி பெட்ஷீட் உத்தியோகத்திலிருந்து இறங்கி, துடைக்கிற துணியாகக் கிழியும். அவள் சேர்ந்த வருஷம் அப்போதிருந்த ஹவுஸ்கீப்பிங் அம்மா சொல்லிக்கொடுத்தது. அந்த அம்மா வேலையை விட்டுப் போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அந்தக் கோட்டை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. பெரியம்மா ஒரு சலவைகூட விடாமல் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆய்வுக்கு வந்தவரை நாங்கள் சான்றிதழ்க்காரர் என்றுதான் பேசிக்கொண்டோம். நாற்பது வயது இருக்கும். பழைய தோள் பை, தடித்த கண்ணாடி. பேட்டிக்கு முந்தின நாள் மதியமே வந்து ஓர் அறையில் தங்கினார். முதலாளி கொடுத்த பெரிய அறையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காலியாக இருந்த சின்ன அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிப் பார்த்தார். கிச்சன் குப்பையைக் குச்சியால் கிளறினார். பதிவேட்டைப் புரட்டி, "இவங்க பேரெல்லாம் ஏன் பென்சில்ல இருக்கு?" என்று கேட்டார். திருத்துவதற்கு வசதி என்று மேனேஜர் சொன்னார். அவர் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். லஞ்சம் வாங்குகிற முகமோ மிரட்டுகிற முகமோ இல்லை. அவர் அயோக்கியராக இருந்திருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சலவைக்கூடத்தில் பேட்டி. என்னை வெளியே இருக்கச் சொன்னார். ஜன்னல் பக்கம் நின்றேன். தற்செயலாகக் காதில் விழுந்தது என்று பொய் சொல்ல மாட்டேன், கேட்கத்தான் நின்றேன்.

பதினொரு கேள்விக்கும் பெரியம்மா பிசிறில்லாமல் பதில் சொன்னாள். இரண்டு இடத்தில் அவர் கேள்வியை முடிக்கும் முன்னாலேயே பதில் வந்துவிட்டது. நான் மூச்சு விட்டேன். அவர் நோட்டை மூடினார். பிறகு தன் தோளில் மடித்துப் போட்டிருந்த பெட்ஷீட்டை மேஜைமேல் விரித்தார். அவர் படுத்து எழுந்த பெட்ஷீட்.

"இது என்னம்மா, ஓரத்துல கோடு கோடா?"

பெரியம்மாவின் குரல் மாறியது. ஒப்பித்த குரல் போய், அவளுடைய சொந்தக் குரல் வந்தது.

"அது சலவைக் கோடு சார். நான்தான் போடுவேன். ஒரு சலவைக்கு ஒரு கோடு. மேல இருக்கிறது அது வந்த தேதி."

"நல்ல ஏற்பாடா இருக்கே. இது வந்து சரியா ரெண்டு மாசம் ஆச்சு, இல்லையா? இருபது கோடு இருக்கு."

"இருபதுதான் சார் இருக்கும். எண்ணிப் பார்க்கவே வேணாம்."

"ஒரு படுக்கைக்கு எத்தனை செட் வெச்சிருக்கீங்க?"

"மூணு சார். ஒண்ணு படுக்கையில, ஒண்ணு மெஷின்ல, ஒண்ணு அலமாரில. வரிசை மாறாம சுத்தி வரும். அறுபது நாளு, மூணு செட்டு. அப்ப இருபது தானே?"

"அப்ப தினமும் மாத்துறீங்க."

உள்ளே ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தியிருக்கலாம்.

"தினமும் சார். கெஸ்ட் ஒரு வாரம் தங்கினாலும் ஏழு நாளும் புதுசு. சீசன்ல ஒரு ரூம் காலி கிடையாது, அப்பவும் ஒரு நாள் தவறினதில்ல. எனக்குக் காய்ச்சல் வந்த அன்னிக்குக்கூட வந்து போட்டுட்டுத்தான் போனேன்."

"தண்ணியச் சேமிக்கணும்னு தலையணை மேல ஒரு அட்டை இருக்கே?"

"அதுவா சார், துணியோட சுருண்டு வந்துரும். மெஷின்ல போயிடப் போகுதுன்னு நான்தான் பொறுக்கி எடுத்துத் திருப்பி அனுப்புவேன். ஒண்ணுகூட நனைய விட்டதில்ல."

மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றியிருந்தால் அந்த ஓரத்தில் ஆறு கோடு இருந்திருக்கும், மிஞ்சிப்போனால் ஏழு. அவர் கணக்குப் போட்டது ஜன்னல் வழியாகவே எனக்குத் தெரிந்தது. பெரியம்மா நிறுத்தவில்லை. அலமாரியைத் திறந்து வேறு பெட்ஷீட்களை எடுத்துக் காட்டினாள். நூற்று நாற்பத்தெட்டுக் கோடு வாங்கிய ஒன்றைப் பிரித்து, "இன்னும் ரெண்டுல ரிட்டயர்டு ஆயிடும் சார்" என்று சிரித்தாள். அவர் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டார். போகும்போது ஒரு விசிட்டிங் கார்டை அவள் கையில் கொடுத்து, ஏதாவது பிரச்சினை என்றால் கூப்பிடச் சொன்னார்.

வெளியே வந்த பெரியம்மாவின் முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவ்வளவு சந்தோஷம்.

"பத்தொன்பது வருஷத்துல ஒருத்தர் கேட்டாருடி. உக்காந்து ஒவ்வொண்ணாக் கேட்டாரு. போட்டோ எல்லாம் புடிச்சாரு. ஆர்டர் வந்த மாதிரிதான்."

"ஆமா பெரியம்மா" என்றேன்.

"இந்தக் கார்டை நீ வெச்சுக்கோ. நான் எங்கயாவது தொலைச்சுடுவேன்."

வாங்கி என் மேஜை டிராயரில் போட்டேன். இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

மூன்று வாரத்தில் அறிக்கை வந்தது. சான்றிதழ் நிறுத்திவைக்கப்படுகிறது, சலவை பற்றிக் கொடுத்த தகவல் சலவைப் பணியாளரின் குறியீடுகளோடு ஒத்துப்போகவில்லை, மூன்று மாதத்துக்குள் சரிசெய்து காட்ட வேண்டும். விதிப்படி யார் பெயரையும் அவர் எழுதவில்லை. கண்ணியமான மனிதர். எங்கள் ஓட்டலில் சலவைப் பணியாளர் ஒரே ஒரு ஆள்தான் என்பது அவருக்குத் தோன்றாமல் போய்விட்டது.

மேனேஜர் அறையில் பெரியம்மாவை நிற்க வைத்தார். நான் ஃபைலோடு பக்கத்தில் நின்றேன்.

"உங்களை யாரு கோடு போடச் சொன்னா?"

"பழைய ஹவுஸ்கீப்பிங் அம்மா சொன்னாங்க சார்."

"அந்தம்மா போயி எத்தனை வருஷம் ஆச்சு?"

"நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லலியே சார்."

மேனேஜர் கத்துகிற ரகம் இல்லை. கத்தியிருந்தால் அவள் பதிலுக்குக் கத்தியிருப்பாள், அதில் அவள் கில்லாடி. அவர் அறிக்கையை மெதுவாகப் படித்து விளக்கினார். பாதியில் அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று நாளைக்கு ஒருமுறை என்று டைப் அடித்தது யார் என்றும் புரிந்திருக்க வேண்டும்.

ஓட்டல் சரிசெய்தது. எப்படிச் சரிசெய்தது என்பதையும் சொல்கிறேன். பெட்ஷீட் மாற்றுவதைக் குறைக்கவில்லை. சலவைக்கூடத்தை மூடிவிட்டார்கள். அழுக்குத் துணி காலையில் ஒரு வேனில் ஏறி, ஒரு மணி நேரப் பயணத்தில் எங்கேயோ ஒரு தொழிற்சாலைக்குப் போய், மறுநாள் பிளாஸ்டிக் உறையில் வந்து இறங்கியது. ஓட்டலின் தண்ணீர் மீட்டர் சட்டென்று பாதிக்குக் கீழே போனது. கேட்டது மீட்டர் கணக்கைத்தானே, அதைக் காட்டியாயிற்று. துணி மட்டும் தினமும் புதுசாக மாறிக்கொண்டிருந்தது. கோடு போட்ட பெட்ஷீட் எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டித் துடைக்கிற துணியாக்கினார்கள். பெரியம்மாவின் தெருச் சாக்கடையில் நுரை நின்றுவிட்டது. லாரி குறைந்ததால் கீழே குழாயில் தினமும் தண்ணீர் வர ஆரம்பித்தது. தெருவில் எல்லாருக்கும் சந்தோஷம். அதை இல்லை என்று நான் சொல்லவில்லை. பலகையால் ஊருக்கு நல்லது நடக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். பெரியம்மாவுக்கும் இரண்டு குடம் கூடுதலாகத்தான் கிடைத்தது.

இனி அவளுக்கு வேலை இல்லை. வேறு வேலை தரலாம், கிச்சனில் ஆள் தேவைதான். ஆனால் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "மறுபடியும் அவர் வருவார். பெரியம்மா இங்க இருந்தா திரும்பவும் பேசுவாங்க. அவங்க இருக்கிற வரைக்கும் மத்த பதினொரு பேருக்கும் ஆர்டர் வராதும்மா. உனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்றார். பிறகு சொந்த விருப்பத்தில் வேலையை விடுகிறேன் என்று ஒரு கடிதம் டைப் அடிக்கச் சொன்னார்.

எனக்கு முப்பத்துநான்காவது விதி மனப்பாடம். கார்டில் இருந்த நம்பர் கையெட்டும் தூரத்தில் இருந்தது. கடிதத்தை டைப் அடித்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தேன்.

பெரியம்மா அதை நின்றபடியே படித்தாள்.

"இதுல கையெழுத்துப் போட்டா உனக்கு ஆர்டர் வருமா?"

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எல்லாருக்கும் வரும்னு சொல்றாங்க."

"மத்தவங்களைக் கேக்கல. உனக்கு வருமா?"

"வரும் பெரியம்மா."

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். ஐம்பத்தெட்டு முடிய அவளுக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது.

சான்றிதழ்க்காரர் இரண்டாம் முறை வந்தார். மீட்டர் கணக்கைப் பார்த்தார், வேன் ரசீதைப் பார்த்தார், பேனாவில் எழுதிய பதினொரு பெயர்களைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு பூட்டிய சலவைக்கூடத்து வாசலில் நின்று என்னிடம் கேட்டார்.

"கோடு போடுவாங்களே, அந்த அம்மா எங்க?"

மேனேஜர் பத்தடி தூரத்தில் போன் பேசுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"சொந்த விருப்பத்துல நின்னுட்டாங்க சார். வயசாயிடுச்சு."

இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் உடைந்திருப்பேன் என்று பிறகு பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் கேட்கவில்லை. நான் கடிதத்தைக் காட்டினேன், அதில் கையெழுத்து இருந்தது. நோட்டில் ஒரு டிக் போட்டார். அடுத்த மாதம் பலகை வந்தது. வருகிறவர்கள் அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பெரியம்மா வீட்டுக்குப் போனேன். மூன்று மாதமாகப் போகாமல் இருந்ததற்கு ஆயிரம் காரணம் வைத்திருந்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள். கை விரல்கள் உலர்ந்து, வேறு யாருடைய கையோ போல இருந்தன.

"உன் ஆர்டரைக் கொண்டுவந்தியா? காட்டு."

காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசும் படித்தாள். முத்திரையைத் தடவிப் பார்த்தாள். "நல்லா இருக்கு. பத்திரமா வெச்சுக்க" என்று திருப்பிக் கொடுத்தாள். சான்றிதழ்க்காரர் வந்தாரா, தன்னைப் பற்றிக் கேட்டாரா என்று விசாரித்தாள். கேட்டார் என்றேன். நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அதைச் சொல்லி அவளிடம் திட்டு வாங்கத்தான் நான் வந்ததே. அவள் வாயில் எத்தனை வசவு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதில் ஒன்றாவது எனக்குக் கிடைத்திருக்கலாம்.

பெரியம்மா டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜுல வரச் சொல்லியிருக்காங்க. துணி துவைக்கத்தான். மெஷின் கிடையாது, கையாலதான் போல. பழைய எடத்துலேர்ந்து ஏன் நின்னேன்னு கண்டிப்பாக் கேப்பாங்க. என்ன சொல்லட்டும்?"

நான் ஆர்டரை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"நான் பாட்டுக்கு எதையாவது உளறி, அது அங்க உங்க மேனேஜர் காதுக்குப் போயி, உன் வேலைக்கு வம்பு வந்துறக் கூடாது. நீ சொல்லு, அதையே சொல்றேன்."

அவள் குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டுகிறாளா என்று அவள் முகத்தில் தேடித் தேடிப் பார்த்தேன். அவளுக்கு நிஜமாகவே ஒரு பதில் வேண்டியிருந்தது.

சொல்லிக்கொடுத்தேன். "சொந்த விருப்பத்துல நின்னுட்டேன், வயசாயிடுச்சுன்னு சொல்லுங்க பெரியம்மா."

"வயசாயிடுச்சுன்னா வேலை குடுக்க மாட்டாங்களேடி."

"அப்ப சொந்த விருப்பம்னு மட்டும் சொல்லுங்க."

"சொந்த விருப்பத்துல நின்னுட்டேன் சார்" என்று சொல்லிப் பார்த்தாள். நடுவில் ஒரு இடத்தில் குரல் தட்டியது. மறுபடியும் சொன்னாள். இந்தத் தடவை பிசிறில்லாமல் வந்தது. சரியாக இருக்கிறதா என்று என்னைப் பார்த்தாள். இருக்கிறது என்று தலையாட்டினேன்.